தேஜுவின் மணிக்கட்டும் நீ அனுப்பின மட்டைகளும்

அன்புள்ள செல்வி கண்ணுக்கு,

அம்மா எழுதறது. அந்தக் குளிர் தேசத்துல நீ காய்ச்சல் தலைவலி இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, மனசு தெம்பா இருக்கோணும்னு நம்ம அங்காளம்மனை வேண்டிக்கிட்டு இதை எழுதறேன். இங்க அப்பா சௌக்கியம், நானும் சௌக்கியம், உன் தங்கச்சி தேஜுவும் இப்பச் சௌக்கியந்தான். இப்பன்னு எழுதினதைப் பார்த்துப் பதறாதே சாமி, பெரிய ஆபத்து ஒண்ணும் இல்லை, தாண்டி வந்துட்டோம், அதை முதல்லயே சொல்லிப்போடறேன். ஆனா எனக்குப் பிடிச்ச பயம் இன்னும் இறங்கலை. போன்ல சொல்லலாம்னா அவ பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு அக்காகிட்ட மூச்சு விடாதேன்னு கண்ணாலயே மிரட்டறா. அதனாலதான் முருங்கைக்கீரைப் பொடி பார்சலோட இந்தக் கடுதாசியையும் வெச்சு அனுப்பறேன்.

ஊர்ச் சேதி எல்லாம் நல்ல சேதிதான். அமராவதியில தண்ணி விட்டுட்டாங்க, தாராபுரம் மாமா நாத்து நட்டாச்சு. நம்ம கம்பெனியில பெரியவங்க பனியன் ஆர்டர் கொஞ்சம் தொய்வு, குழந்தைங்க துணி மட்டும் விடாம ஓடுது, ஊருக்குப் போன ஒடிசாப் பசங்களும் திரும்பி வந்துட்டாங்க. அப்பா சர்க்கரைக்கு மாத்திரை ஒழுங்காப் போடறாங்க, ஆனா டீயில சர்க்கரையைக் குறைக்க மாட்டேங்கறாங்க, நீயாவது சொல்லு.

சரி, விசயத்துக்கு வர்றேன். உன் முதல் சம்பளத்துல நீ வாங்கி அனுப்பின கோல்ஃப் மட்டைப் பை வந்த அன்னைக்கு நம்ம ஊடே திருவிழாவாட்டம் இருந்துச்சு. ஸ்கூல்ல லீவுக்கு நடத்தின கேம்ப்புல சும்மா பொழுது போகட்டும்னு சேர்த்துவிட்ட பிள்ளை, கோயமுத்தூர் கோச் ஆறுமுகசாமி சார் அவ கை வாகைப் பார்த்துட்டு விட்றாதீங்கன்னு சொன்னதுல இருந்து வாராவாரம் அவருகிட்டப் போயிட்டு இருந்தா, உனக்குத் தெரியும். பையைப் பிரிச்சு நீட்டு மட்டையை நிமுத்திப் பிடிச்சா அது அவ நெஞ்சு வரைக்கும் வந்துச்சு. நான் பெருசா இருக்குதேன்னு சொன்னதுக்கு அப்பா சிரிச்சுட்டு, வளர்ற பிள்ளைக்கு எதையும் ஒரு சைஸ் பெருசாத்தான் எடுக்கோணும், யூனிபாரம் அப்படித்தானே தைக்கறோம்னு சொன்னாங்க. எனக்கும் அது சரின்னுதான் பட்டுச்சு. கோச்சுகிட்டக் காட்டச் சொல்லி அனுப்பினோம். அவரு பார்த்துட்டு, பாப்பா இது பெரியவங்க மட்டை, உனக்கு நீளமும் கனமும் ஜாஸ்தி, உசரம் வந்ததும் எடுத்துக்கலாம், இப்ப இங்க இருக்கற சின்னதுலயே ஆடுன்னு தெளிவாச் சொல்லியிருக்காரு. ஆனா இவ ஊட்டுக்கு வந்து எங்ககிட்ட என்ன சொன்னா தெரியுமா, கோச் சூப்பர் மட்டைன்னு சொன்னாருன்னு சொல்லிட்டா. நாங்களும் நம்பிட்டோம். அங்க போனாச் சின்ன மட்டை, இங்க வந்தா மொட்டை மாடியில தண்ணி டேங்குக்குப் பின்னால நின்னுக்கிட்டு தினமும் சாயங்காலம் நீ அனுப்பின மட்டை. உனக்கு வீடியோ அனுப்பறதுக்குத்தான். நீ கையைத் தட்டற பொம்மை போட்டு அனுப்பினா அன்னைக்கு ராத்திரிச் சோறு ரெண்டு வட்டில் இறங்கும் அவளுக்கு.

நீளம் ஜாஸ்தியானதால கைப்பிடியில நடுவுல பிடிச்சு வீசியிருக்கறா போல, மிச்சம் நீட்டிக்கிட்டு இருந்த முனை விலாவுல இடிச்சு நீலம் பாரிச்சிருந்துச்சு. கேட்டதுக்கு ஸ்கூல் பெஞ்சு இடிச்சுதுன்னா. அப்புறம் இடது கையில சாப்பிட ஆரம்பிச்சா. இதென்ன புதுப் பழக்கம், சோத்துக் கையில திங்கமாட்டியான்னு நான் வஞ்சேன் கண்ணு. ஒரு நாள் காலையில தலை பின்னி ரிப்பனைக் குடுத்து முடிச்சுப் போடுன்னேன், அவளால விரலை மடக்கி இழுக்க முடியலை, ரிப்பன் கீழ விழுந்துச்சு, பிள்ளை சத்தமே இல்லாம அழுகறா. கையைப் பிடிச்சுப் பார்த்தா வலது மணிக்கட்டு வீங்கிக் கொதிக்குது.

நம்மூர் எலும்பு டாக்டரு எக்ஸ்ரே எடுத்தாரு. படத்தை வெளிச்சத்துல வெச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, எலும்பு நுனியில ஒரு இடம் அகலமாத் தெரியுதுங்க, எதுக்கும் கோயமுத்தூர்ல ஸ்கேன் பண்ணிப் பார்த்துருங்கன்னாரு. எதுக்கும்னு சொன்னாரு பாரு, அந்த ஒரு வார்த்தைதான் என்னைப் பிடிச்சுக்கிச்சு. நம்ம பின்வீதிக் கிட்டுசாமி அண்ணன் மக ஞாபகம் இருக்குதா, அதுக்கும் முழங்கால்ல சும்மா வலின்னுதான் ஆரம்பிச்சுது, எக்ஸ்ரேயில இப்படித்தான் என்னமோ தெரியுதுன்னாங்க, கடைசியில என்ன ஆச்சுன்னு நான் எழுத வேண்டியதில்லை. அவினாசி ரோடு நெடுக அந்தப் பிள்ளை முகமே என் கண்ணு முன்னால வந்துட்டு இருந்துச்சு. அப்பாகிட்டச் சொல்லலை. அவங்களும் வழக்கமாப் போடற பாட்டுக்கூடப் போடலை. தேஜு மட்டும் பின் சீட்டுல, அம்மா, கை இதுக்கு மேல வளராதான்னு கேட்டா. அதெல்லாம் வளரும் சாமின்னு சொன்னேன்.

ஸ்கேன் ரூமுக்குள்ள அவளைத் தனியாக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த மிசின் டக்கு டக்குன்னு அடிக்கற சத்தம் வெளிய வரைக்கும் கேக்குது, ஒவ்வொரு சத்தத்துக்கும் எனக்கு உசுரு போயிட்டுப் போயிட்டு வருது. அப்பாவைக் காணோமேன்னு தேடினா மருந்துக் கடைக்கு ஓரமா செவுத்தப் பார்த்து நின்னுட்டு இருக்காங்க. ஏனுங்க, வாங்கன்னு கூப்பிட்டேன். திரும்பாமயே, சித்ரா, கிட்டுசாமிகிட்ட அப்ப நான் ஒண்ணும் ஆகாதுன்னு தைரியம் சொன்னேன், இப்ப எனக்குச் சொல்ல யாரும் இல்லையேன்னாங்க. நான் மறைச்சு வெச்சிருந்த அதே பயத்தைத்தான் அவங்களும் வழி முச்சூடும் மறைச்சு வெச்சிருந்திருக்காங்க. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஆசுபத்திரி வராண்டாவுல நின்னோம், போறவங்க வர்றவங்க பார்த்தாப் பார்த்துட்டுப் போகட்டும்னு.

அந்தப் பெரிய டாக்டரு நல்ல மனுசன். எங்க மூஞ்சியைப் பார்த்ததுமே, நீங்க பயப்படறது இல்லைங்கன்னு சொல்லிட்டுத்தான் உக்காரவே சொன்னாரு. வளர்ற பிள்ளைங்களுக்கு எலும்பு நுனி இன்னும் பிஞ்சாத்தான் இருக்குமாம், அங்கதான் வளர்ச்சி நடக்குமாம், தாங்காத கனத்தைத் திரும்பத் திரும்ப வீசினதுல அந்த இடம் நொந்து போயிருக்குதாம். கட்டுப் போட்டு ஓய்வு குடுத்தாச் சரியாயிரும், கவனிக்காம இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா ஒரு எலும்பு வளர்றது நின்னு கை கோணிப் போயிருக்கும்னாரு. வேற ஒண்ணும் இல்லீங்களா, நிசமா வேற ஒண்ணும் இல்லீங்களான்னு நான் கேட்டுக்கிட்டே இருந்தேன். இல்லீங்கம்மா, அப்படி என்னதான் கனமாத் தூக்கினா பாப்பான்னு அவரு கேக்க, அப்பத்தான் தேஜு வாயைத் திறந்தா. தப்பு என்னுதுங்க, அக்காவை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது, மட்டை சேரலைன்னு தெரிஞ்சா அக்கா மனசு கஷ்டப்படும்னுதான் சொல்லலைன்னு தேம்பித் தேம்பி அழுதா. வலி ஆரம்பிச்சதுல இருந்து அவளுக்கு இருந்த ஒரே கவலை அதுதான் கண்ணு. நீ அழுகாதே. ஆசையா அனுப்பினது தப்பில்லை, பார்த்துக்க வேண்டியவங்க நாங்க பக்கத்துலயே இருந்துட்டுக் கோட்டை விட்டுட்டோம்.

கட்டுப் பிரிச்சு மறுபடியும் படம் எடுத்தாச்சு, எலும்பு ஒழுங்கா ஆறிட்டு வருது, மெதுவா ஆட விடலாம்னு சொல்லிட்டாங்க. எனக்கு விட மனசே இல்லை. இனி அந்த விளையாட்டுப் பேச்சே இந்த ஊட்டுல வேண்டாம்னு சொல்லிப் பார்த்தேன். அவ எதிர்த்துப் பேசலை, அடம் பிடிக்கலை, சரிம்மான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. அந்தச் சரிம்மாதான் என்னை உலுக்கிப் போட்டுது, இதையும் உள்ளயே வெச்சு மறைக்கப் பழகிக்குவாளேன்னு. அதனால மூணு பேருமாக் கோச்சுகிட்டப் போனோம். அவரு வயசைக் கேக்கலை, செவுத்துல நிக்க வெச்சு உசரம் அளந்தாரு, கையைத் தொங்கவிடச் சொல்லித் தரையில இருந்து மணிக்கட்டு வரைக்கும் அளந்தாரு. வயசுப்படி வாங்கினா ஏமாந்து போவீங்க, உசரந்தான் கணக்கு, முழு செட்டும் வேண்டாம், நாலஞ்சு போதும், அதுவும் புதுசு வேண்டாம், பெரிய பிள்ளைங்க ஆடி விட்டது இருக்குது, இவ வளர வளர மாத்திக்கலாம்னாரு. ஒவ்வொரு மட்டையாக் குடுத்து நேரா நீட்டிப் பிடிக்கச் சொன்னாரு, முனை ஆடாம நின்னா அந்தக் கனம் அவளுக்குத் தாங்கும்னு அர்த்தமாம். அவ கையை நீட்டறப்பல்லாம் நான் கண்ணை மூடிக்கிட்டேன். அப்பா பழக்க தோசத்துல அடுத்த சைஸ் மட்டையைக் கையில எடுத்துட்டாங்க, அப்புறம் அவங்களே யாரும் சொல்லாம திருப்பி வெச்சுட்டாங்க. கடைசியா ஒரு மட்டையைப் பிடிச்சுட்டு, அம்மா, இது கையில இருக்கறதே தெரியலைன்னு சிரிச்சா. ரொம்ப நாள் கழிச்சு அவ சிரிச்சதை அன்னைக்குத்தான் பார்த்தேன். இருந்தாலும் டிபன் டப்பா குடுக்கற சாக்குல தினமும் அவ மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்காம என்னால இருக்க முடியலை. நீ அவகிட்ட இனி வீடியோ கேக்காதே, எங்கயாச்சும் வலிக்குதாடீன்னு முதல்ல கேளு, அக்கா கேட்டா அவ மறைக்க மாட்டா.

இன்னொண்ணும் கேக்கறேன், கோவிச்சுக்காதே. சின்னவ இப்படி மறைச்சதைப் பார்த்ததுல இருந்து எனக்கு உன்னைப் பத்திப் பயம் பிடிச்சுக்கிச்சு. அந்தப் படிப்பும் அந்த வேலையும் நாங்க ஆசைப்பட்டு உன் கையில குடுத்ததுதானே. அது உனக்குச் சேரலைன்னா, எங்காவது உள்ளுக்குள்ள வலிச்சா, அம்மா அப்பா மனசு கஷ்டப்படும்னு நீயும் பல்லைக் கடிச்சுட்டு இருக்கறயா சாமி? எங்க மனசு எதையும் தாங்கும், உனக்கு ஒண்ணுன்னாத்தான் தாங்காது. நல்லாத்தான் இருக்கறேன்னா நல்லா இருக்கறேன்னே சொல்லு, நம்பிக்கறேன். இல்லைன்னாலும் சொல்லு, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன்.

நீ நோய் நொடி இல்லாம நூறு வருசம் நல்லா இருக்கோணும், உன் மனசு போல எல்லாம் அமையோணும். காதுக்குக் குல்லாய் போடாம வெளிய போகாதே. ஞாயித்துக்கிழமை தேஜுகிட்டப் பேசி முடிச்சதும் போனை என்கிட்டக் குடுக்கச் சொல்லு, நான் வாசலுக்குத் தனியா எடுத்துட்டுப் போய்ப் பேசறேன்.

உன் பதிலுக்குக் காத்துட்டு இருக்கற
அம்மா சித்ரகலா