எதிர்மனுதாரர் கவனத்துக்கு

என்னங்க,

சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது! நீங்கள் வேலைக்குக் கிளம்பிய பிறகுதான் ஃபோன் வந்தது. நான்கு மணிக்குள் சான்றிதழ்களைக் கொடுக்க ஓடுகிறேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சுட வைத்துச் சாப்பிடுங்கள்.

ஆனாலும் என் கோபம் நியாயமானதுதான். பதினேழு வருடம் கோர்ட்டில் மனு டைப் அடித்த கை, "ஏன் சட்டம் படிக்க விரும்புகிறீர்கள்?" என்ற கட்டுரையையும் "மனுதாரராகிய நான் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்" என்றே ஆரம்பித்துவிட்டது. நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். அதைப் பொறுக்கி ஒட்டி, எனக்குத் தெரியாமல் அனுப்புவீர்களா? நேர்காணலுக்கு அழைப்பு வந்த அன்றிலிருந்து உங்களோடு பேசவில்லை.

நேற்று நேர்காணலில் அந்தத் தாள் அவர்கள் மேசையில் கிடந்தது. ஓர் எழுத்துகூட விலகாமல் டேப் ஒட்டியிருந்தீர்கள். "யாரும்மா இவ்ளோ பொறுமையா ஒட்டினது?" என்று பேராசிரியர் அம்மா கேட்டார். "எதிர்மனுதாரர்தான் மேடம், என் வீட்டுக்காரர்" என்றேன். கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். என் பயமும் அங்கேயே போய்விட்டது. இதை நேற்றே சொல்லியிருக்கலாம், வீம்பு விடவில்லை.

ஐந்து மணிக்கு பிளம்பர் வருவார். குளியலறைக் குழாயைக் காட்டுங்கள், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

பி.கு.: கையெழுத்து இருந்த துண்டு மட்டும் குப்பையில் கிடைக்கவில்லை போலிருக்கிறது. என் கையெழுத்தை நீங்களே போட்டிருக்கிறீர்கள். என்னுடையதைவிட நன்றாகவே இருக்கிறது. அங்கே நான் மூச்சு விடவில்லை. யாராவது கண்டுபிடித்தால், நான் படித்து முடிக்கும்வரை வழக்கை இழுத்தடியுங்கள். உங்களுக்காக நானே ஆஜராகிறேன்.