பெயருக்கு முன்னால் வரும் சொல்

நவம்பர் 3, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடை அலுவலகத்தில், நான் வீட்டில். நனைந்துகொண்டே போனேன்.

மயிலிட்டியிலிருந்து தவமணி வந்து காத்திருந்தார். மாமியாரின் முப்பத்தோராம் நாள் அறிவித்தல், வியாழன் பத்திரிகைக்கு. போன மாதம் நாங்கள் போட்ட மரண அறிவித்தலையும் வெட்டிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைகள் வரிசையில் அவருடைய கணவர்: ‘காலஞ்சென்ற யோகன்’. யோகன் கடலுக்குப் போய் ஒன்பது வருடம். படகு கரைக்கு வந்தது. ஆள் வரவில்லை.

“அண்ணை, அவர் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?”

“இல்லைத் தங்கச்சி.”

“அப்ப ஏன் போட்டனீங்கள்? நான் எழுதித் தந்த துண்டிலை உந்தச் சொல் இல்லை. கோயிலுக்குப் போனால் சனம் என்ரை பொட்டைப் பாக்குது.”

துண்டைத் தேடி எடுத்தேன். உண்மை. இல்லை.

வியாழன் அந்தச் சொல் வராது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். செய்தி எழுதிய காலத்தில் உடல் காணாமல் ஒருவரையும் இறந்தவர் என்று எழுதியதில்லை. அறிவித்தல் பக்கத்துக்கு வந்துதான் இது.

செவ்வாய்

மப்பு வானம். செருப்பு இன்னும் காயவில்லை.

அறிவித்தல் மென்பொருளில் ‘யோகன்’ என்று தட்டினேன். முன்னால் ‘காலஞ்சென்ற’ தானாக வந்து நின்றது. அழித்தேன். அடுத்த கட்டத்துக்குப் போய்த் திரும்பினால் மறுபடியும். புதிய யன்னல் திறந்தேன். அதிலும். நான்கு யன்னல், நான்கு தடவை.

அதை எழுதித் தந்த சுபோதினியை, உரும்பிராயில் இருப்பவர், போனில் பிடித்தேன்.

“யன்னல் யன்னலா அழிச்சு வேலையில்லை, சேர். அது பொது அமைப்பு. எழுத்தின்ரை அளவு, நிறம், கேர்சர் மினுக்கிற வேகம் எல்லாம் மாதிரி. ஒரு இடத்திலை வைச்சால் எல்லா யன்னலும் கேக்கும்.”

“செத்தது ஆர் எண்டு அதுக்கு எப்பிடித் தெரியும்?”

“ஒருக்கா போட்ட சொல்லை அது மறக்கப்படாது எண்டு நீங்கள்தானே கேட்டனீங்கள்?”

ஓம். நான்தான். சொல் விடுபட்டால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார்கள் என்று.

அவர் சொன்ன கோப்பைத் திறந்தேன். பெயர்கள், பெயர்கள். யோகனும் இருந்தார். பதிந்தவர்: என் முதலெழுத்து. போன வருடம் யோகனின் சித்தப்பாவின் அறிவித்தல். கனடாவிலிருந்து ஒருவர் சொல்லச் சொல்ல நான் தட்டியது. பெறாமக்கள் வரிசையில் அண்ணன் மகனாக யோகன். சரியா என்று திருப்பிக் கேட்கவில்லை.

பெயரை நீக்கினேன். சேமித்தேன். எல்லா யன்னலையும் மூடிவிட்டு வீட்டுக்கு.

புதன்

மழை விட்டு விட்டு.

பட்டியலில் யோகன். அதே வரி, அதே இடம்.

தவமணி இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. சுபோதினிக்கு எடுத்தேன்.

“புரோகிராமை நிப்பாட்டிப்போட்டோ அழிச்சனீங்கள்?”

“எல்லா யன்னலையும் மூடினனான்.”

“கடைசி யன்னலை மூடினாலும் அது நிக்காது, சேர். அதுவும் பொது அமைப்பிலை நான் வைச்சதுதான். வெளியிலை தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். கொம்பியூட்டரை நிப்பாட்டேக்கை தன்ரை நினைவிலை உள்ளதைத் திருப்பி எழுதிப்போட்டுத்தான் போகும்.”

திரையில் ஒன்றும் இல்லை. வெறும் நீலம். கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன்.

3.50. நான்கு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் நிறுத்தி, அழித்து, திரும்பத் திறக்க நேரமில்லை. அமைப்புப் பக்கத்தில் ‘பெயருக்கு முன் சொல்’ என்ற வரி, எதிரே சரியடையாளம். அடையாளத்தை எடுத்துவிட்டேன். யோகன் தனியே நின்றார். பக்கம் போனது.

தவமணிக்கு எடுத்து வாசித்துக் காட்டினேன்.

“இருக்கிறார் எண்டு போடேல்லையே?”

“ஒண்டும் போடேல்லை.”

“அது காணும் அண்ணை, வேறை ஒண்டும் வேண்டாம்.”

வியாழன்

வெயில். ஈர நிலத்தில் ஆவி.

பத்திரிகை. யோகன் சரி. பிறகு மற்ற அறிவித்தல்களை வாசித்தேன். பதினொன்று. ஒன்றிலும் அந்தச் சொல் இல்லை. தொண்ணூற்றாறு வயதில் இறந்த ஒருவரின் தாயும் தகப்பனும் இருக்கிறார்கள். அவருடைய தமையன்மார் நால்வரும் இருக்கிறார்கள். ஒரு சரியடையாளம். எல்லா யன்னலும் கேட்டிருக்கிறது.

ஏச்சு வாங்கத் தயாராகப் போனுக்குப் பக்கத்தில். பத்து மணிவரை ஒருவரும் இல்லை. பிறகு பண்டத்தரிப்பிலிருந்து ஒரு குரல்.

“எங்கடை தங்கச்சியின்ரை பேருக்கு முன்னாலை...”

“தெரியும் தம்பி, எங்கடை பிழை. நாளைக்குத் திருத்தம் வரும்.”

“வேண்டாம். அம்மா காலமை தொடக்கம் அந்த ஒரு வரியைத்தான் வாசிச்சுக்கொண்டிருக்கிறா. விடுங்கோ.”

இதே மாதிரி இன்னும் இரண்டு. திருத்தம் கேட்டவர் இல்லை.

மதியம் தவமணி.

“அண்ணை, இண்டைக்குப் பேப்பரிலை எல்லாரும் இருக்கினம்.”

அவருடைய மாமியாரின் அறிவித்தலைத் தேடி விரித்தேன்.

“மாமாவும் இருக்கிறார். அவருக்கு நான் வாய்க்கரிசி போட்டனான். மாமாவுக்கும் அந்தச் சொல் இல்லை, இவருக்கும் இல்லை எண்டால், இவரும் மாமாவும் ஒண்டோ?”

நாளை அறிவித்தலைத் திரும்பப் போடுகிறேன் என்றேன்.

சுபோதினி கேட்டார்: “பழையபடி போட்டு விடட்டோ, சேர்?”

வேண்டாம் என்றேன். இனி ஒவ்வொரு பெயராக, கேட்டுக் கேட்டு, என் கையால்.

முதலில் தவமணியின் மாமனார். ‘காலஞ்சென்ற வேலுப்பிள்ளையின் அன்பு மனைவியும்’. ஆறு எழுத்து, தட்டியாயிற்று. அடுத்தது யோகன். கேர்சர் அந்தப் பெயருக்கு முன்னால் போய் நிற்கிறது. மினுக்குகிறது.