கஞ்சி கிடைக்காத பாதிப் பேர்

வாழப்பாடி
12-3-1933

அன்புள்ள பச்சமுத்து அண்ணாவுக்கு,

இங்கு எல்லோரும் சௌக்கியம். பக்கத்து வீட்டில் உங்கள் தங்கை அத்தாயி அக்காவும் அவள் மகள் குப்பாயியும் நலம். அண்ணன் கடுதாசி போடுவதே இல்லை என்று அக்காவுக்குக் குறை.

நீங்கள் டாக்டராகி மருத்துவப் பத்திரிகையும் நடத்துகிறீர்கள். நான் டிஸ்பென்ஸரி கம்பவுண்டர்தான். ஆனாலும் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்கிறார்கள். போன வருஷம் நான் உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுத்தேன். நாற்பது பேரில் முப்பத்தாறு பேர் எழுந்து நடந்தார்கள். அச்சில் வந்தால் ஊர் ஊராகப் பிழைப்பார்கள். என் பெயரும் வரும். அந்த ஆசையும் இருக்கிறது, மறைப்பானேன்.

உங்கள் தம்பி,
அங்கமுத்து

---

சென்னை
2-6-1933

அன்புத் தம்பி அங்கமுத்துவுக்கு,

கட்டுரை கிடைத்தது. கூடப்பிறந்த தம்பி போல வளர்ந்தவன் எழுதினான் என்பதற்காக நான் அச்சுக்குக் கொடுத்துவிட முடியாது. எங்கள் வழக்கம் வேறு. உன் பெயரை வெட்டிவிட்டு, விஷயம் தெரிந்த ஒரு பரிசீலகரிடம் கொடுத்தேன். அவர் யார் என்று உனக்குச் சொல்லமாட்டோம். அவர் எழுதியது இது:

"சிலர் தாமாகவே பிழைப்பார்கள். கஞ்சியால்தான் பிழைத்தார்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி? அடுத்த முறை நோய் வரும்போது, ஒருவருக்குக் கஞ்சி, அடுத்தவருக்கு மாத்திரை மட்டும் என்று வந்த வரிசையில் கொடுக்கவேண்டும். தெரிந்தவர், வேண்டியவர் என்று ஒரே ஒரு ஆளுக்கு வரிசை மாறினாலும் கட்டுரை செல்லாது."

அத்தாயியிடம் நான் கேட்டதாகச் சொல்.

பச்சமுத்து

---

வாழப்பாடி
20-6-1933

அண்ணாவுக்கு,

உங்கள் பரிசீலகர் பேதிக்காரன் வீட்டு வாசலில் நின்றவரா? கொடுத்தால் பிழைப்பான் என்று தெரிந்துகொண்டு எப்படிக் கொடுக்காமல் இருப்பது? இந்த ஒரு நிபந்தனையை மட்டும் தள்ளச் சொல்லுங்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

அங்கமுத்து

---

சென்னை
1-7-1933

தம்பிக்கு,

தெரியும் என்கிறாய். தெரிந்தால் கட்டுரை எதற்கு? உனக்குத் தெரியாது, நம்புகிறாய், அவ்வளவுதான். மனசு கேட்கவில்லை என்றால் இதைச் சமையல் குறிப்பு என்று ஏதாவது பஞ்சாங்கத்துக்கு அனுப்பு, வாங்கிக்கொள்வார்கள். உன் பெயர் அதிலும் வரும்.

நிபந்தனை நிபந்தனைதான்.

பச்சமுத்து

---

வாழப்பாடி
9-9-1934

அண்ணாவுக்கு,

ஆடியில் நோய் வந்தது. பரிசீலகர் சொன்னபடி செய்து முடித்தேன். அட்டவணை இத்துடன் இருக்கிறது. கஞ்சி குடித்தவர்கள் பதின்மூன்று பேர், ஒருவர் இறந்தார். குடிக்காதவர்கள் பதின்மூன்று பேர், ஒன்பது பேர் இறந்தார்கள்.

ஐந்தாறு பேர் வருவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தவில்லை. பஞ்சாங்கம் என்று நீங்கள் எழுதியது உறுத்திக்கொண்டே இருந்தது.

இருபத்திரண்டாவது ஆள் குப்பாயி. தந்தியில் சாவு மட்டும்தான் வந்திருக்கும். அத்தாயி அக்கா தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு முன்னால் வந்த பெருமாயி மகனுக்குக் கஞ்சி. அதனால் குப்பாயிக்கு மாத்திரை.

"ஏன் சாமி, அந்தப் புள்ளைக்குக் குடுத்தத எம்புள்ளைக்கும் குடுக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

அது வேறு விதமான பேதி என்று சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளே வீட்டில் காய்ச்சிக் கொடுத்திருப்பாள். சொல்லவில்லை. மாலைக்குள் முடிந்துவிட்டது.

அவள் உங்கள் தங்கை மகள் என்பதற்காக வரிசையை மாற்றவில்லை. பரிசீலகரிடம் இதைச் சொல்லுங்கள்.

அங்கமுத்து

---

சென்னை
30-11-1934

கம்பவுண்டர் அங்கமுத்து அவர்களுக்கு,

கட்டுரையை ஏற்றுக்கொண்டோம். தை இதழில் முதல் பக்கத்தில் வருகிறது.

உன்னுடைய பரிசீலகர் நான்தான். அப்போது வேறு ஆள் கிடைக்கவில்லை. நிபந்தனையை எழுதியவனும் நான், தள்ள மறுத்தவனும் நான். உன் அட்டவணையை மூன்று முறை படித்தேன். தப்பு இருந்தால் அதைக் காட்டித் திருப்பி அனுப்பலாம் என்று தேடினேன். ஒன்றுதான் கிடைத்தது. இருபத்திரண்டாவது வரியில் வயது எட்டு என்று போட்டிருக்கிறாய். குப்பாயிக்கு ஆறு. திருத்திவிட்டேன்.

இனி எனக்குக் கடிதம் எழுதவேண்டாம். இந்தப் பக்கம் வரவும் வேண்டாம். அத்தாயியை இங்கே அழைத்துவந்துவிட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு இதழ் வரும்போதும் இதில் என்ன போட்டிருக்கிறாய் அண்ணா என்று கேட்கிறாள், நான்தான் படித்துச் சொல்கிறேன்.

பச்சமுத்து
பத்திரிகாசிரியர்