நீல வெள்ளை வண்டிக்கு விலை சொல்ல ஆளில்ல

மார்ச் 12, 2024
பழைய கார் புரோக்கர் பிபின் அண்ணன் வண்டியப் பாக்க வந்தாவ. மூணு தடவ சுத்தி வந்து டயர ஒரு உதை. "மூணு பத்து."
மூணு லெட்சத்து பத்தாயிரமா!! லோன் பாக்கியே நாலு தொண்ணூறு அண்ணா-ன்னேன்.
சிரிக்காவ. "ஷாலு, பம்பர்லேந்து டிக்கி வர அர்ஜென்டினா கோடு. பாறசாலையில ஃபுட்பாலுன்னா பாதி பேரு பிரேசிலு. அவன் வாங்குவானா? பின்னே, நானே பிரேசிலு!"
ச்சே.

மார்ச் 13
அர்ஜென்டினா உலகக் கப்பு அடிச்ச ஆவேசத்துல வாங்குன வண்டி. செகண்ட் ஹேண்டு, ஆனா முழு விலைக்கும் லோன். ஸ்டிக்கரு, நீல சீட் கவரு, ஸ்பீக்கரு, இன்சூரன்ஸ் — எல்லாம் அதுலயே சேத்து ஏழு வருஷம். மாசம் எவ்வளவுன்னு மட்டும் கேட்டேன். மொத்தம் ஏன் கேக்கல? யூடியூப் பாத்து எடிட்டிங் படிச்சவதானே, இதுக்கு ஒரு வீடியோ பாத்தா என்ன?
வண்டி ரீலுக்கு ரெண்டு லெட்சம் வியூ. பேங்குல வியூ எடுப்பானா?

மார்ச் 21
அப்பா குட்டியானை லோடு வண்டி வாங்க லோன் கேட்டுப் போனாவ. இங்க தோட்டத்துல வாழைக்குலை எடுத்து டவுனுல சாலைங்கிற மார்க்கெட்டுல போடுறதுக்கு தெனமும் வாடகை லோடு வண்டி, லாபம் அதுக்கே சரியாப் போவுது.
பேங்குல இல்லன்னுட்டான். காரணம் நான். என் லோனுக்கு அப்பாதான் ஜாமீன், நான் ஜோலி மாறுனப்ப ரெண்டு தவணை பவுன்ஸ். இனி ஆறு மாசம் ஒழுங்கா கட்டினா பாக்கலாமாம்.
அப்பா ரெண்டு ஏச்சு ஏசியிருந்தா கொள்ளாம், மனசு ஆறியிருக்கும்.

ஏப்ரல் 2
ஷோரூம் போனேன். சேல்ஸ்மேன் சொன்னான்: "பழச தாங்க, பாக்கிய புது லோன்ல சேத்துடலாம்." புது வண்டி! அந்த மணம்! டச் ஸ்கிரீன்! பேனா கையில வந்தாச்சு. அப்பம் கேட்டேன் — மொத்தம் எவ்வளவு சேட்டா? கால்குலேட்டர தட்டினான். என் பக்கம் திருப்பவே இல்ல.
எழும்பி வந்துட்டேன். கார்ல உக்காந்து அழுதேன். அந்த எழவு நீலக் கார்லதான்.

ஏப்ரல் 3
அப்பாட்ட சொன்னேன்: லோடு வண்டிக்குக் குடுக்குற வாடகைய எனக்குத் தா, தவணைக்கு ஆவும். குலைய நான் கொண்டு போறேன். கழக்கூட்டம் ஆபீசுக்கு எப்டியும் சாலை மார்க்கெட்டு வழி போவலாமே.
"இந்தக் கூத்து வண்டியிலயா? மார்க்கெட்டே சிரிக்கும். நான் அதுல கேறமாட்டேன்."
அம்மா அடுக்களையிலேந்து: "நீரு கேறாண்டாம். குலை கேறட்டும்."

ஏப்ரல் 8
பின்சீட்ட மடக்கி குலை ஏத்தினோம். ஏறின முத நாளே நீல சீட் கவரோட வெள்ளைக் கோட்டுல வாழைக்கறை. சோப்பு, மண்ணெண்ணெய், சோடா மாவு... போவல. போவவே போவாதாம்!! யாருட்ட போய் கத்த?

ஏப்ரல் 10
அப்பா முன்சீட்டுல கேறியாச்சு. ஏசி பிடிச்சுப் போச்சு.

மே 5
தவணை பேங்குக்குப் போச்சு. பவுன்ஸ் இல்ல.

ஜூன் 18
பிபின் அண்ணன் கறையப் பாத்துட்டு: "இப்பம் ரெண்டு எண்பது."
போற போக்கப் பாத்தா நான்தான் அவருக்கு காசு குடுக்கணும் போல. விக்கலன்னு சொல்லிட்டேன்.

ஜூலை 15
காலம்பற கோப்பா கப்பு ஃபைனல், அர்ஜென்டினா ஆடுது. எனக்கு லீவு, குலைக்கு லீவு இல்லல்லா. போற வழியில பாலராமபுரத்துல ஓரங்கட்டி, ஃபோன டாஷ்போர்டுல சாத்தி வெச்சுப் பாத்தோம். மேட்ச் தொடங்கவே லேட்டு. "பழம் வெயில் கொள்ளுது மக்களே"ன்னு அப்பா முனங்கிட்டே இருந்தாவ. கண்ண மட்டும் எடுக்கல. எக்ஸ்ட்ரா டைம்ல கோல்!!!
ஜெயிச்சாச்சு. முன்னன்னா ஊரு பூரா ஹாரன் அடிச்சே போயிருப்பேன். இப்பம் பின்னால பழுத்த ரசகதலிக் குலை. அப்பா மொகத்தப் பாத்தேன்.
"ஹாரன அடி, அடி. பிரேக்க மட்டும் சடார்னு பிடிக்காத. பழம் நசுங்கும்."
சாலை மார்க்கெட்டு வர அடிச்சேன்.