சம்பந்தியைப் பாதியில் இறக்கியது பற்றி

மாராங்கு,
செப்டம்பர் 14.

அன்புள்ள கலிஸ்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். கடவுள் புண்ணியத்தில் நானும் உன் அப்பாவும் மாடும் கன்றும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், பெர்கன் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். வழக்கமாக இதற்குப் பிறகு சாப்பிட்டாயா தூங்கினாயா என்று நாலு கேள்வி கேட்பேன், இன்றைக்குக் கேட்கிற மனநிலையில் இல்லை. போனில் பேசலாம் என்றால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை குறுக்கே பேசுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன். செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய செய்தியை உன் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "உச்சிக்கு ஒன்றரை மணி நேரம்தான் பாக்கியாமே, அதுக்குள்ள அவரைக் காலரைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டியாமே, இனி சிக்ரிட் முகத்துல எப்படிம்மா முழிப்பேன்" என்று எழுதியிருந்தாய். அப்பாவை அவமானப்படுத்திய வீட்டில் வாழ்க்கைப்பட மனம் வரவில்லை என்று அவள் அழுததாகவும், டிசம்பரில் கல்யாணம் வேண்டாம் என்று சொல்வதாகவும் எழுதியிருந்தாய். உன் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு வாரமா காப்பிப் பழம் பறிக்க ஆள் இல்ல, இவனுக்கு முகத்துல முழிக்கிற கவலை" என்று சொல்லிக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆக, உன்னைத் திட்டுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

முதலில் ஒன்று கேட்கிறேன். அறுபத்து மூன்று வயது மனிதரை, அதுவும் வருங்கால மாமனாரை, "எங்கம்மா கூட்டிட்டுப் போவாங்க" என்று கிளிமஞ்சாரோவுக்கு அனுப்பினாயே, அனுப்புவதற்கு முன்னால் என்னை ஒரு வார்த்தை கேட்டாயா? விமான டிக்கெட் எடுத்த பிறகு அல்லவா எனக்குச் சொன்னாய். சரி, வந்துவிட்டார். ஹால்வார் நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை. உன் அப்பா ஊற்றிக் கொடுத்த வாழைப்பழக் கள்ளை முகம் சுளிக்காமல் குடித்தார், மாட்டுக்குத் தழை வெட்டிப் போட்டார். இரண்டு வருடம் முன்பு இறந்துபோன மனைவி இங்கேரிட்டின் படத்தை எடுத்துக் காட்டி, சேர்ந்து வர நினைத்த இடம் இது, உச்சியில் இந்தப் படத்தை வைத்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று சொன்னார். ஆனால் மலையில் காலை வைத்ததும் அந்த நல்ல மனிதர் எங்கே போனார் என்று தெரியவில்லை. மெதுவாக நடங்கள் என்றால், "நான் நார்வே மலையில பிறந்தவன்" என்பார். தண்ணீர் குடியுங்கள் என்றால் தாகம் இல்லை என்பார். சுமை தூக்குகிறவர்களை எல்லாம் முந்திக்கொண்டு ஓடுகிறார். என்னோடு பத்து வருடமாகத் துணை வழிகாட்டியாக வருகிற ஷாயோ, "அக்கா, உங்க சம்பந்திக்கு மேல யாராவது பொண்ணு பாத்து வச்சிருக்காங்களா" என்று கேட்டுவிட்டான். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை. பாதி மலையில் தங்குகிற ஹொரொம்போ குடிசைகளுக்கு வந்த அன்று சாயங்காலம் சமையற்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பெரியவர் தட்டு என்னமோ காலியாத்தான் வருது, ஆனா வெள்ளைக்கழுத்துக் காக்கா அத்தனையும் அவர் குடிசைக்குப் பின்னாடியே கிடக்குது, போய்ப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் ரொட்டி, உருளைக்கிழங்கு, கோழி எல்லாம் ஜன்னலுக்குக் கீழே கிடக்கிறது. சாப்பிட முடியவில்லை என்று சொன்னால் நான் இறக்கிவிடுவேனாம், அதனால் காக்கைக்குப் போட்டிருக்கிறார். தலைமை ஆசிரியராக இருந்த மனிதர் செய்கிற வேலையா இது! இன்னொரு நாள் அங்கேயே நிறுத்தி வைத்தேன். மறுநாள் என் கண் முன்னால் இரண்டு கிண்ணம் கறியும் வாழைக்காயும் போட்ட சூப் குடித்தார், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியும் நன்றாகவே காட்டியது, தலைவலி இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் இல்லை என்றார். நம்பிக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடைசித் தங்குமிடமான கீபோ குடிசையிலிருந்து நடுராத்திரியில் கிளம்பி, விடியும்போது கில்மன் முனையில் இருந்தோம். எரிமலைப் பள்ளத்தின் விளிம்பு அது, அங்கிருந்து விளிம்போடு ஒன்றரை மணி நேரம் நடந்தால் உச்சி. உட்கார்ந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன், கோப்பையைப் பிடிக்கத் தெரியாமல் மடியில் கொட்டிக்கொண்டார். "இன்னைக்கு என்ன கிழமை" என்று கேட்டார், சொன்னேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே கேட்டார். குதிகாலை முன்காலின் விரலில் முட்டவைத்துப் பத்து அடி நேராக நடந்து காட்டச் சொன்னேன், மூன்றாவது அடியில் ஷாயோவின் மேல் சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கிறது என்று அர்த்தம், இறக்காவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். இறங்குங்கள் என்றேன். "நீ யாரு என்னை இறங்கச் சொல்ல" என்று கத்தினார், என் கையைத் தட்டிவிட்டார். அப்புறம் திடீரென்று அமைதியாகிச் சட்டைப்பையில் கையை விட்டார். படத்தைத்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். எடுத்தது இசாலே இலை. நம் வீட்டு வேலியில் கிள்ளியது, ஆறு நாளில் வாடிச் சுருண்டு கிடந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்தி, "கோபப்பட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க, மேல கூட்டிட்டுப் போங்க. இதை நீட்டினா நீங்க முடியாதுன்னு சொல்ல மாட்டீங்கன்னு கலிஸ்டி சொன்னான்" என்றார். தலைவலியை என்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுத்ததும் நீதான் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். கெட்டிக்காரன்தான் நீ. அண்ணன் தம்பி வெட்டிக்கொண்டு ரத்தம் காயாமல் நின்றாலும், அந்த இலையோடு மன்னிப்புக் கேட்டு வந்தவனைத் திருப்பி அனுப்பாத வம்சத்தில் பிறந்துவிட்டு, பள்ளிக்கூடத்து அனுமதிச் சீட்டு மாதிரி அதைக் கிள்ளிக்கொள்ளச் சொல்லி அனுப்பியிருக்கிறாய். ஷாயோ முகம் வெளிறிப்போய், "அக்கா, இசாலே நீட்டிட்டாரு, வாங்காம இருக்கக் கூடாது, வாங்கிட்டு முடியாதுன்னும் சொல்லக் கூடாது" என்றான். ஒன்றும் தெரியாத அந்த மனிதர் கையை நீட்டியபடியே நிற்கிறார்.

இனி எழுதுவதை உன் அப்பாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. ஒன்றரை மணி நேரம் கொடுக்கவில்லை என்று நீ என்னைத் திட்டுகிறாய், நான் அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தேன். இலையை வாங்கிக்கொண்டேன், வாங்கிய கையால் இறங்கு என்று சொல்ல வாய் வரவில்லை, சரி வாருங்கள் என்றேன். பதினெட்டு வருடம் வழிகாட்டியாக இருக்கிறவள், அவர் கால் தடுமாறியதைப் பார்த்த பிறகும், வாருங்கள் என்றேன். பத்து நிமிடம் நடந்திருப்போம். "வீடு இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் வழியை விட்டுப் பள்ளத்துப் பக்கமாகத் திரும்பினார். விளிம்பில் உட்கார்ந்து கையுறைகளைக் கழற்றிப் பக்கத்தில் அழகாக அடுக்கினார். என்னைப் பார்த்துச் சிரித்து, "இங்கேரிட், காப்பி ஆயிடுச்சா" என்று கேட்டுக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தார். அப்போதுதான் காலரைப் பிடித்தேன், கலிஸ்டி. பிடிக்காமல் என்ன செய்ய? என் கன்னத்தில் ஓங்கி ஒரு அடி விழுந்தது, ஷாயோ இடுப்பைக் கட்டிக்கொண்டான், இரண்டு பேருமாகச் சரளைக் கல்லில் சறுக்கிக்கொண்டே கீபோ குடிசைவரை இறக்கினோம். அங்கே ஆக்சிஜன் வைத்து, ஒற்றைச் சக்கரத் தூக்குக் கட்டிலில் கட்டி ஹொரொம்போவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அவருக்கு நினைவு தெளிந்தது. மேலே நடந்ததில் என் கை காலரில் இருந்தது மட்டும்தான் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது, இவள் இழுத்துவிட்டாள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறார், சொல்லட்டும். அந்த இலையை வாங்கியது தப்பு என்று சொல்ல இன்னமும் எனக்கு வாய் வரவில்லை, வாங்கிக்கொண்டு நடந்தது தப்பு. உன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்கிற கோபம்தான். கண்ணை மூடினால் அந்தக் கையுறைகள்தான் தெரிகின்றன.

கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது, நீ கவலைப்பட வேண்டாம், நீ கவலைப்படவும் மாட்டாய். அடுத்த வாரம் வேறொரு குழுவோடு மலையேறுகிறேன். நீ நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போ. கடவுள் உன்னையும் அந்தப் பெண்ணையும் காப்பாற்றட்டும். மறக்காமல் ஒன்று செய். இந்தக் கடிதத்தை ஒரு வரி விடாமல், அந்தப் பத்து நிமிடத்தையும் மறைக்காமல், சிக்ரிட்டுக்கு மொழிபெயர்த்துச் சொல். அதற்குப் பிறகு இப்படி ஒரு மாமியார் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றினால், அது அவள் இஷ்டம், நான் குறை சொல்ல மாட்டேன். காக்கைக்குச் சோறு போட்டு உயிரோடு விளையாடியதற்கு அவள் அப்பாவோடும் ஒரு மூச்சு சண்டை போடட்டும். தாயில்லாத பெண், சண்டை போட அவளுக்கு அப்பாவாவது இருக்கிறார்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா,
ஐகாண்டே