எந்த ரீத்தாவின் பாறு?

ஜெனியின் அப்பாவே, என் நல்ல மனுஷா,

உமக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் நீரோடியில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், நீர் எல்லைக்கு இந்தப் பக்கம் மலையாளம் படித்த ஆள். நடந்தே வந்துவிடும் தூரத்தில்தான் என்னைக் கட்டிக்கொண்டு வந்தீர், ஆனாலும் நான் எழுதும் சீட்டை நானேதான் உமக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இப்போது நீர் இருக்கும் இடத்தில் அந்தச் சாக்கு செல்லாது. யாரையாவது பிடித்து வாசிக்கச் சொல்லும்.

முதலில் சேதி. என் இடது கால் உடைந்துவிட்டது. அமரவிளை முக்கில் மீன் சருவத்தோடு ஆட்டோவில் இருந்து இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். சருவம் நிமிர்ந்தே நின்றது, நான்தான் கவிழ்ந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. முப்பது வருஷமாக ஊர் ஊராகப் போய் மீன் விற்ற காலாக்கும், கட்டிலில் கிட என்றால் கிடக்குமா?

அதனால் போனில் ஊர் சுற்றுகிறேன். மேப்பைத் திறந்து விரலால் தள்ள வேண்டியதுதான், மஸ்கட்டில் இருந்து ஜெனி சொல்லித் தந்தாள். முதலில் வேளாங்கண்ணிக்குப் போனேன். கல்யாணம் ஆன வருஷம் வேனில் போனோமே, ஞாபகம் உண்டா? எந்தக் காற்றிலும் வள்ளத்தில் நிமிர்ந்து நிற்கிற மனுஷன், நாகர்கோவில் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துப் படுத்துவிட்டீர். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. பிறகு நீர் சீசனுக்குத் தங்கித் தொழில் செய்த கொச்சிக்கும் மங்களூருக்கும் போய் வந்தேன். அங்கே எந்தக் கடையில் சாயா குடித்தீர்? எங்கே படுத்தீர்? உயிரோடு இருக்கும்போது ஒரு வார்த்தை கேட்காமல் விட்டேனே என்று என் மேலேயே கோபம் வந்தது.

கடைசியில் நம் கடலுக்கு வந்தேன். பூவாரில் ஆறு கடலில் சேரும் பொழியைத் தாண்டி விரலை வைத்தால் ஒரே நீலம். ஒரு பேர் இல்லை, ஒரு கோடு இல்லை. "மக்கா, அப்பா தினமும் போன இடம் இதுல எங்க இருக்கு?" என்று ஜெனியிடம் கேட்டேன். "அதொண்ணும் மேப்புல வராதும்மா," என்று சிரித்தாள். அதெப்படி வராமல் போகும்? முப்பத்தொரு வருஷம் ஒரு மனுஷன் போய் வந்த இடமல்லவா?

அதன்பிறகு வேளாங்கண்ணியும் வேண்டாம், மங்களூரும் வேண்டாம் என்றாகிவிட்டது. அந்த நீலத்தில் நீர் எங்கே நின்றீர் என்று பார்க்க வேண்டும், அது ஒன்றுதான் ஆசை. அப்படிக் கிடக்கும்போதுதான் போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் உம் தம்பியின் வள்ளத்துக்காரர்கள் ரெண்டு பேர் என் சன்னலோரமாகப் பேசிக்கொண்டு போனார்கள்.

"இன்னைக்கும் ரீத்தாப்பாறு கிட்டல்ல மக்கா. ஒரு மாசமா வெறும் வள்ளந்தான்."

கடலுக்கடியில் மீன் கூடுகிற பாறைக்குப் பாறு என்று பேர், அது தெரியும். ஆனால் ரீத்தாப்பாறா? என் பேரில் ஒரு இடம் இருப்பதை என்னிடமே சொல்லாத புருஷன் உண்டா? அப்போதுதான் எனக்கு இன்னொரு ரீத்தா நினைவுக்கு வந்தாள். என்னைக் கேட்டு வருவதற்கு முன் உமக்குப் பேசி முடியாமல் போன கொல்லங்கோட்டு ரீத்தா! ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. செத்த மனுஷனிடம் சண்டை போடவும் முடியாதே.

வியாழக்கிழமை உம் தம்பி அந்தோணி ஆரஞ்சுப் பையோடு கால் விசாரிக்க வந்தான். உட்காரக்கூட விடவில்லை.

"எலே அந்தோணி, ஒளிக்காம சொல்லு. எந்த ரீத்தாவுக்க பேருலே அந்தப் பாறுக்கு?"

"யாரு மைனி சொன்னது?"

"எனக்க சன்னலு சொல்லிச்சு. நீ சொல்லு."

"உங்க பேருதான் மைனி. வேற எந்த ரீத்தா? அண்ணன் கண்டுபிடிச்ச பாறாக்கும் அது. சந்தைக்குப் போற பொம்பளைட்ட பாறு பேரு சொன்னா நெய்யாற்றின்கரை வரைக்கும் போயிரும்ணு உங்ககிட்ட சொல்லாண்டாம்ணாரு."

பாரும், உமக்கு என் மேல் இருந்த நம்பிக்கையை! ஆனாலும் மனசில் இருந்து ஒரு பெரிய பாரம் இறங்கியது, பொய் சொல்ல மாட்டேன். "சரி, உள்ள பாறு ஒரு மாசமா எங்கலே போச்சு?" என்று கேட்டேன்.

"அதுக்கு ரெண்டு கணிச்சம் உண்டு மைனி. கரையில உள்ள அடையாளம். கோயில் குருசு மலை உச்சிக்கு நேரா வரணும். உங்க வீட்டு வெள்ளைச் சுவரு செல்போன் டவருக்கு அடியில வரணும். ரெண்டும் ஒத்து வந்தா நங்கூரம் போடலாம். ஜிபிஎஸ்ல ஏத்துனா ஊரே வந்து நிக்கும்ணு அண்ணன் அதுக்கும் விடல்ல. இப்ப குருசு நிக்குது, டவரு நிக்குது. சுவரக் காணல்ல."

போன மாசம் உம் ஆண்டுத் திருப்பலிக்கு, உமக்குப் பிடித்த நிறமாயிற்றே என்று வீடு முழுக்கப் பச்சை அடித்தேன், கடலைப் பார்த்த அந்தப் பின்சுவரையும் சேர்த்து. தென்னைகளுக்கு நடுவே பச்சைச் சுவர் கடலில் இருந்து எப்படித் தெரியும்?

"நீ ஏம்லே அன்னைக்கே சொல்லல்ல?"

"அண்ணனுக்க ஆண்டுக்கு ஆசையா அடிச்சிய. எப்பிடி மைனி சொல்ல?"

அந்தச் சுவருக்காக எத்தனை சண்டை! வருஷாவருஷம் கிறிஸ்மசுக்கு முன்னே நீர் சுண்ணாம்பு கலக்கிக்கொண்டு பின்னால் போவீர். முன்சுவர் பொரிந்து கொட்டும். "நாலு பேரு பாக்குத சுவரு இளிச்சிட்டு நிக்குது, ஆருமே பாக்காத சுவருக்கு வெள்ளை எதுக்கு ஓய்?" என்று கத்துவேன். "கடலு பாக்கும்டி," என்பீர். கொஞ்சம் போட்டுவிட்டுப் பேசுகிறீர் என்று நானும் விட்டுவிடுவேன்.

அங்கே இருந்து பார்த்தால் நான் தெரிவேனா என்று அந்தோணியிடம் கேட்டேன். "ஆளு தெரியாது மைனி. சுவரு மட்டும் தெரியும், ஒரு பல்லு அளவுக்கு," என்றான். அவன் போன பிறகு வாய்விட்டு அழுதேன். நீர் கடலுக்குப் போனால் வீட்டை மறந்துவிடுவீர் என்று எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன்! அந்தப் பல்லைப் பார்க்கும்போது என்ன நினைப்பீர்? நான் அடுப்படியில் நின்று உம்மைத் திட்டிக்கொண்டிருப்பேன் என்றா? இதற்கு மட்டும் எப்படியாவது பதில் சொல்ல மாட்டீரா?

சனிக்கிழமை சுண்ணாம்பு அடிக்க ஆள் சொல்லிவிட்டேன். கால் கூடியதும் என்னை அங்கே கொண்டு போக வேண்டும் என்று அந்தோணியிடம் வாக்கு வாங்கிவிட்டேன். "பொம்பள வள்ளத்துல ஏறினா ஊரு என்ன சொல்லும்?" என்று இழுத்தான். "எனக்க பேருள்ள இடத்துக்கு நான் போகாண்டாமா?" என்றேன்.

நான் வருவேன். உம்மைப்போல வேனிலே வாந்தி எடுக்கிற ஆள் நான் இல்லை, வள்ளத்திலும் எடுக்க மாட்டேன். அங்கே போய் நங்கூரம் போட்டதும் முதல் வேலையாகத் திரும்பி நம் வீட்டைப் பார்ப்பேன். இனி வருஷாவருஷம் கிறிஸ்மசுக்கு முன்னே அந்தச் சுவருக்கு நானே வெள்ளை அடிப்பேன். முன்சுவர் இளித்துக்கொண்டு கிடக்கட்டும்.

உமக்க வெள்ளைச் சுவரு வீட்டுக்காரி,
ஜெனிக்க அம்மா ரீத்தா