தகரத்துக்கும் பாய்க்கும் நடுவே ஒரு முழம்

காலையிலிருந்து வீடெல்லாம் நனைந்த வெட்டிவேர் வாசனை. செம்பூரில் என் மகன் வாங்கியிருக்கும் புது ஃபிளாட்டுக்கு இன்டீரியர் டிசைனர் என்று ஒரு பெண் வந்து போகிறாள். நம் பக்கத்துப் பெண்தான், ஆனால் பம்பாயிலேயே பிறந்து வளர்ந்தவள். பால்கனிக் கதவுக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். சுவருக்குப் பெயின்ட் கிடையாதாம், சுண்ணாம்புதானாம். மேலே மூங்கில் சட்டம் கட்டிக் கோரைப்பாய் விரிக்கப் போகிறாளாம். பழைய பெட்டிப் பலகையில் அலமாரி. "பாட்டி, எல்லாமே எகோ ஃப்ரெண்ட்லி. அந்தக் காலத்துல நீங்கள்லாம் எப்படி வாழ்ந்தீங்களோ அதே மாதிரி" என்றாள்.

அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் அப்படி வாழ்ந்தோமாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளை வெளியே போகச் சொல்லியிருப்பேன். மருமகள் பக்கத்தில் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு என் அறைக்கு வந்துவிட்டேன். உனக்கு எழுதாவிட்டால் இந்தக் கொதிப்பு அடங்காது. நீ போய்ச் சேர்ந்து ஏழு வருஷமாகிறது. உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு அறுபது வருஷம் ஆகப்போகிறது.

நாங்களெல்லாம் அப்படி வாழவில்லை. தாராவியில் அந்த வரிசையில் பதினாலு ரூம். பதினாலும் தகரக் கூரை. ஒன்றே ஒன்றுதான் இவள் சொல்கிற மாதிரி இருந்தது. அது உன்னுடையது. அதிலும் உன்னை வாழவிட்டார்களா?

நீ எதற்காக அதைச் செய்தாய் என்று இந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? உன் முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் அந்த மே மாத வெக்கையில் போனான். உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்து, வயிற்றுப்போக்கு கண்டு, நான்கே நாள். டாக்டர் பிள்ளையைக் குளிர்ச்சியான இடத்தில் வைக்கச் சொன்னாராம். நீ அதை என்னிடம் சொன்னபோது நாம் இருவரும் தகரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தோம். மத்தியானத்தில் அதைத் தொட்டால் விரல் கொப்பளிக்கும். அதற்குக் கீழேதான் சமைத்தோம், அதற்குக் கீழேதான் பிள்ளை பெற்றோம்.

அழுது முடித்த பிறகு நீ யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. ரூமைப் பார்க்க ஆரம்பித்தாய். நீ சாக்குக் கடையில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிறவள், நான் பக்கத்து ரூமில் குடியிருந்த முனிசிபல் பள்ளிக்கூட டீச்சர். படித்த எனக்குத் தோன்றாதது உனக்குத் தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்திக்கொண்டு ஊதுபத்தியோடு மூலை மூலையாக நின்றாய். சாமி கும்பிடுகிறாய் என்று நினைத்தேன். புகை எந்தப் பக்கம் போகிறது, எங்கே போய்த் தேங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாய். தேங்கின இடத்தில் சுவரில் கரிக்கோடு போட்டாய். மேற்குச் சுவரில் தரையோடு ஒரு திறப்பு, கிழக்கே கூரையை ஒட்டி ஒரு திறப்பு என்று உன் வீட்டுக்காரரைக் கொண்டு வெட்ட வைத்தாய். கீழே வந்த காற்று மேலே சூட்டைத் தள்ளிக்கொண்டு போனது.

மழைக்காலம் முழுக்கப் பொறுக்கினாய். மீன்கூடையில் உடைந்த மூங்கில், யாரோ எறிந்த கோரைப்பாய், துறைமுகத்துப் பெட்டிப் பலகை, தேங்காய்க் கடையில் குவிந்து கிடந்த நார். அத்தர் காய்ச்சுகிறவர்கள் சாறு வாங்கிவிட்டுக் கொட்டும் வெட்டிவேரைக்கூட விடவில்லை. இரண்டு பாய்க்கு நடுவே நாரையும் வேரையும் பரப்பி, சாக்குத் தைக்கிற கோணூசியால் தைத்து, தகரத்துக்கு ஒரு முழம் கீழே மூங்கிலில் கட்டித் தொங்கவிட்டாய். அந்த ஒரு முழம்தான் முக்கியம், சூடு அங்கேயே நின்றுகொள்ளும் என்றாய். மிச்ச வேரைத் தட்டியாகப் பின்னிக் கீழ்த் திறப்பில் கட்டித் தண்ணீர் தெளித்தாய். மழை விட்டதும் தகரத்தின் மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பில் கஞ்சித்தண்ணீர் கலந்து மூன்று பூச்சு. வரிசையில் உள்ளவர்கள் சிரித்தார்கள். கூரைக்கு வெள்ளையடிக்கிற பைத்தியம் என்று உன் காதுபடவே சொன்னார்கள். உள்சுவருக்குப் பச்சை ஆயில் பெயின்ட் அடித்தால் பளபளவென்று இருக்கும் என்று அந்த வரிசைக்குச் சொந்தக்காரரான ரூம்காரர் சொன்னதற்கு, அந்த நாற்றம் வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று சுண்ணாம்பையே பூசினாய். ஆம், அப்போது நீ மறுபடியும் உண்டாகியிருந்தாய்.

மாசி முடிவதற்குள் எல்லாம் ஆயிற்று. உள்ளே வந்தால் நம்ப முடியாது. என் ரூமுக்கும் உன் ரூமுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் அடுப்பு மாதிரி, அந்தப் பக்கம் நிழல். நீ வேலைக்குப் போகும்போது சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாய். "டீச்சரம்மா, சும்மா வேகாதேயும், அங்கன போயி இரியும்" என்று கேலியாகச் சொல்வாய். நானும் பரீட்சைப் பேப்பர்களை எடுத்துக்கொண்டு போய் உன் ரூமில் உட்கார்ந்து திருத்துவேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த வேலையைச் செய்தேன். ஒன்றாம் தேதி. வாடகை வாங்க ரூம்காரர் வந்தார். அவரும் நம் திருநெல்வேலிப் பக்கம்தான், நமக்கு முன்னாலேயே வந்து காலூன்றினவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. உன் வீட்டுக்காரருக்குத் தோல் பதனிடும் இடத்தில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். எப்போதும் வாசலோடு நின்று வாங்கிக்கொண்டு போய்விடுவார். அன்றைக்கு வெயிலில் நின்றவரைப் பார்த்து, "உள்ள வாங்க அண்ணாச்சி, இருந்து மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றேன். நம் ஊர்க்காரரை வெயிலில் நிறுத்தி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது மட்டும் என்று சொன்னால் பொய். காட்ட வேண்டும் என்ற பெருமை. என் சிநேகிதியின் கையைப் பார், பைத்தியம் என்றார்களே, வந்து பார் என்ற பெருமை.

வந்து உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு துடைக்கவில்லை. தலையைத் தூக்கிப் பாயைப் பார்த்தார், சுவரில் கை வைத்துப் பார்த்தார், குனிந்து கீழ்த் திறப்பைப் பார்த்தார். நான் வாய் ஓயாமல் ஒவ்வொன்றாக விளக்கினேன், வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி. "கெணத்தடில இருக்க மாதிரில்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு இன்னொரு தம்ளர் மோர் வாங்கிக் குடித்தார்.

சாயங்காலம் நீ வந்ததும் ஓடிவந்து சொன்னேன், அண்ணாச்சியே அசந்துவிட்டார் என்று. நீ தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். கை அப்படியே நின்றது. "உள்ளயா கூப்ட்ட?" என்றாய். அவ்வளவுதான். அதற்கு மேல் இந்தப் பேச்சை நீ எடுத்ததே இல்லை. என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டி ஆறியிருப்பேன்.

அடுத்த ஒன்றாம் தேதி அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். "என் தங்கச்சி மவ ஊர்லேருந்து வாரா, கைப்பிள்ளக்காரி. இந்தத் தகரத்துல அவள வேற எங்க வைக்கச் சொல்லுத? தேவ்நார்ல ஒங்களுக்கு ஒரு ரூம் பாத்துருக்கேன். மாசக் கடைசில மாறிக்கிடுங்க." இவ்வளவையும் முகம் சுளிக்காமல், உதவி செய்கிறவர் குரலில் சொன்னார். உன் வீட்டுக்காரர் தலையாட்டினார். வேலை கொடுத்தவரிடம் வேறு எதை ஆட்டுவார்? நீ எட்டு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாய். நான்தான் கத்தினேன். பிள்ளைத்தாய்ச்சியைக் கிளப்புகிறீர்களே, நீங்கள் மனுஷன்தானா என்று கேட்டேன். "டீச்சரு, ஒங்க ரூமும் என் ரூம்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

அவர்மேல் உள்ள கோபம் தீர்ந்து பல காலமாயிற்று. அவரும் போய்ச் சேர்ந்தார். உன்மேல் உள்ளதுதான் தீரவில்லை. பாயைப் பிரித்து எடுத்துக்கொண்டு போ என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். தேவ்நார் ரூமும் தகரம்தான், அங்கே கட்டிக்கொள்ளலாம், உன் கைப்பாடு, உன் பிள்ளைக்காகச் செய்தது. நீ என்ன செய்தாய்? கிளம்புவதற்கு முந்தின நாள் உட்சுவருக்கு மறுபடி வெள்ளை அடித்தாய். அந்த வயிற்றோடு! தட்டிக்கு எத்தனை தடவை தண்ணீர் தெளிக்க வேண்டும் என்று வருகிறவளிடம் சொல்லச் சொல்லி என்னிடமே ஒப்படைத்தாய்.

ஏன் என்று உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். "அம்பது நாளு பிள்ளையாம்ட்டி. அது என்ன செஞ்சுது?" என்றாய். "எனக்கு இன்னும் நாள் கெடக்குல்லா. அங்கன போயி வேற தச்சிக்கிடுவேன்."

நாள் கிடக்கவில்லை. அங்கே சாக்கும் பாயும் பொறுக்க உனக்கு இடம் தெரியவில்லை, குனிய முடியவில்லை. நான் வந்து பார்த்தபோது பாதிதான் தைத்துக் கட்டியிருந்தாய். மீதிப் பாதியில் தகரம் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. மே மாதம் நடுவில் பெண் பிறந்தாள். மழைக்குக் காத்திருந்தாய். மழை வந்தபோது அவள் இல்லை. பதினோரு நாள் இருந்தாள்.

தாராவியில் உன் பழைய ரூமில் அந்த இன்னொரு பிள்ளை, அதுவும் பெண்தான், உன் பாய்க்குக் கீழே தொட்டிலில் உறங்கியது. ஒற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் அந்தத் தொட்டில் கயிறு ஆடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்தேன். என் வயிறு எரிந்தது. பச்சைப் பிள்ளைமேல் என்ன வன்மம் என்று நீ கேட்பாய். எனக்கு இருந்தது. ஒளிக்கவில்லை.

உன் பிள்ளை போன ஒரு வாரத்தில் ரேஷன் கார்டில் விலாசம் மாற்றத் தாராவிக்கு வந்தாய். மார்பில் பால் கட்டி, ரவிக்கைக்குள் துணி வைத்திருந்தாய். அண்ணாச்சியின் தங்கை மகள் உன்னைப் பார்த்துவிட்டு, பாய் ஒரு மூலையில் தொங்கிவிட்டது, எப்படிக் கட்டுவது என்று கேட்டாள். உனக்கு நடந்தது அவளுக்குத் தெரியாது. நீ சொல்லவும் இல்லை. கோணூசியைக் கேட்டு வாங்கிக்கொண்டு பெட்டிமேல் ஏறிவிட்டாய். நான் வாசலில் நின்று தெருவே கூடும்படி கத்தினேன். இறங்கு, வெட்கமில்லையா உனக்கு, யார் வீட்டுக்கு யார் தைப்பது என்று. நீ வாயில் நூலைக் கடித்துக்கொண்டு, தைத்து முடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாய். "வெயிலு என்ன அண்ணாச்சிக்கா அடிக்கு? பிள்ளைக்குல்லா அடிக்கு" என்றாய்.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நீ நல்லவளாகவே இருந்து என்னைக் கெட்டவளாக்கினாய். தேவ்நாரில் கூப்பிட்ட ரூமுக்கெல்லாம் போய்ப் பாய் தைத்துக் கொடுத்தாய் என்று கேள்விப்படும்போதெல்லாம் எனக்குப் பொத்துக்கொண்டு வரும். அதற்குப் பிறகு உனக்குப் பிள்ளையே இல்லை. மற்றவர் பிள்ளைகள் மட்டும் உன் பாய்க்குக் கீழே வளர்ந்தன.

தொட்டிலில் உறங்கிய அந்தப் பெண் குழந்தை ஆறு வயதில் என் வகுப்புக்கே வந்தாள். வாய்ப்பாட்டில் ஒரு இடத்தில் தடுமாறியதற்கு ஓங்கி அறைந்துவிட்டேன். எட்டு வருஷ வேலையில் அப்படி யாரையும் அடித்ததில்லை. விரல் பதிந்த கன்னத்தோடு அவள் மீதி வாய்ப்பாட்டையும் தப்பில்லாமல் சொல்லி முடித்தாள். மனம் பொறுக்காமல் அந்த வாரமே பஸ் ஏறி வந்து உன்னிடம் சொன்னேன். நீ வைவாய் என்று வந்தேன். நீ கேட்டது, "நல்லா வளந்திருக்காளா?"

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாத ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு உன் உயிர் போகும்வரை தைரியம் வரவில்லை. கோவண்டி ஆஸ்பத்திரியில் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தும் வரவில்லை.

நீ தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போன அன்று சாவி என்னிடம் இருந்தது. அண்ணாச்சியின் தங்கை மகள் சாயங்காலம்தான் வருவாள். நீ தெருவைத் தாண்டியதும் நான் கத்தியை எடுத்துக்கொண்டு உன் ரூமுக்குள் போனேன். நீ அறுக்காவிட்டால் நான் அறுப்பேன், ஒரு பாயையும் விடமாட்டேன், அவர்களும் நம்மைப்போல் வேகட்டும் என்று. நீ விட்டுப்போன பெட்டிமேல் ஏறினேன். பிறகு நீ வந்து தைத்தாயே, அந்த மூலையில் ஒரு தையலை அறுத்தேன். இரண்டாவதற்குக் கையைத் தூக்கினேன். வெளியே உச்சி வெயில், உள்ளே எனக்கு வியர்க்கவே இல்லை. கீழ்த் திறப்பிலிருந்து காற்று வந்து காலைத் தொட்டது. ஒரு நிமிஷம் இருந்துவிட்டு அறுக்கலாம் என்று இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். பிறகு சாய்ந்தேன்.

கதவைத் தட்டும் சத்தத்தில்தான் விழித்தேன். விளக்கு வைக்கிற நேரம். வாசலில் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு அவள் நின்றாள். கத்தியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சாவியைக் கொடுத்தேன். தட்டிக்கு எத்தனை தடவை தண்ணீர் என்றும் சொன்னேன்.

நீ தேவ்நாரில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியிலிருந்து பானைகளை இறக்கிக்கொண்டிருந்த அந்த மத்தியானம், உன் பிள்ளைக்கென்று நீ செய்த குளிர்ச்சியில் நான் தூங்கினேன். அதுபோல் ஒரு தூக்கம் அதற்கு முன்பும் எனக்கு வாய்த்ததில்லை, இந்த எண்பது வயதுவரை பிறகும் வாய்க்கவில்லை. இதைச் சொல்ல முடியாமல்தான் இத்தனை வருஷமும் உன்னைத் திட்டிக்கொண்டே இருந்தேன்.